முதுகோடு முதுகு சாய்ந்த செவ்வாய்க்கிழமைகள்

உங்களுக்கும் நர்ஸ் பயிற்சியில் நாற்காலிகளை வட்டமாகப் போடத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கர்ப்பிணிகள் கூட்டம் என்றால் வட்டம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். மனம்விட்டுப் பேச வேண்டும். தாராளமாகப் போடுங்கள், பிள்ளைகளே. போட்டுவிட்டுக் கதவருகே நின்றுகொள்ளுங்கள். வெளியே போகிறவர்களுக்கு வழிவிட வசதியாக இருக்கும்.

நான் திருவொற்றியூருக்கும் எர்ணாவூருக்கும் நடுவில் சுகாதார நர்ஸாக அலைந்து ஓய்வு பெற்றவள். ஊசி எப்படிப் போடுவது, மாத்திரை எப்போது கொடுப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் புத்தகம் என்னைவிட நன்றாகச் சொல்லும், நடுவில் டீயும் கேட்காது. நான் சொல்ல வந்தது வேறு. ஒரே தெருவில் ஒரே சமயத்தில் வாயும் வயிறுமாக இருக்கிற இரண்டு பெண்களை ஒருத்திக்கு ஒருத்தி துணையாக்குவது எப்படி? உலகத்திலேயே சுலபமான வேலை என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன்.

எங்கள் பகுதியில் ஒரு பக்கம் கடலோரக் குப்பங்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, தெருவில் பாதிப் பேரை அத்தை, சித்தி என்று கூப்பிடுகிற பெண்கள். மறு பக்கம் தெற்கேயிருந்து வந்து மளிகைக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சிமார்களின் வீடுகள். கல்யாணமான கையோடு திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து இறங்குவாள். கடைக்குப் பின்னால் ஓர் அறை, முன்னால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளின் வரிசை, நடுவில் அவள். இரண்டு தரப்பும் செவ்வாய்க்கிழமை எங்கள் சுகாதார நிலையத்துக்குப் பரிசோதனைக்கு வருவார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்ப்பார்கள். "எத்தனை மாசம்மா?" என்று நான் கேட்டாலே பதிலுக்குத் தங்களோடு வந்தவர்களின் முகத்தைப் பார்ப்பார்கள். சொன்னால் கண் பட்டுவிடுமாம். எடை மெஷினுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பக்கத்தில் இருக்கிறவளுக்கு மட்டும் தெரியக் கூடாது.

முதலில் வாட்ஸாப் குழு ஆரம்பித்தேன். எல்லோரிடமும் எண் வாங்கினேன், கொடுத்தார்கள். கொடுத்ததெல்லாம் புருஷன்மாருடைய எண்கள் என்பது எனக்குத் தெரியாது. "காலை வணக்கம் தாய்மார்களே, யாருக்காவது கால் வீங்கியிருக்கிறதா?" என்று போட்டேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவர் உடனே பதில் போட்டார்: "ஆமா சிஸ்டர். ரெண்டு காலும். நைட் ஷிப்டு." இன்னொருவர் தன் இடுப்பு வலிக்கு மாத்திரை கேட்டார். வயிற்றில் குழந்தை அசைகிறதா என்று கேட்டதற்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அது யாருடைய கட்டைவிரல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குழுவைக் கலைக்கப் போனபோது பார்த்தால், ஆண்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்திருந்தார்கள். படகுப் படம் வைத்து 'கடல் ராசா' என்று பெயர் போட்டிருந்த ஒருவர் எழுதியிருந்தார்: "காத்தாலருந்து வாந்தி எடுத்துகினே கீறா. இன்னா பண்றதுன்னே தெர்ல." வேல் படம் வைத்திருந்த இன்னொருவர் பதில் போட்டிருந்தார்: "எந்திச்சதும் வெறும் பொரி ஒரு கை திங்கச் சொல்லுங்க சகோ. தண்ணி பொறவு குடிக்கட்டும்." மறுநாள் கடல் ராசா, "நின்னுட்ச்சி சகோ, நீ தெய்வம்" என்று எழுதி, கும்பிடு போடுகிற கைகளாக ஒரு வரிசை நிரப்பியிருந்தார். பொரி யோசனை என் புத்தகத்திலும் இருப்பதுதான். சரி, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று குழுவின் பெயரை 'அப்பாக்கள் குழு' என்று மாற்றிவிட்டு விட்டுவிட்டேன்.

பெண்களுக்கு நேரில் கூட்டம் போடுவதுதான் சரி என்று, ஒரு செவ்வாய்க்கிழமை பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். வீட்டிலிருந்து சுண்டல்கூடச் செய்து எடுத்துப் போனேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அப்போது உள்ளே நுழைந்தாள் அஞ்சலை.

அஞ்சலை யாரென்றால், கஸ்தூரி என்கிற குப்பத்துப் பெண்ணின் மாமியார். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு தெருமுனையில் மீன் விற்பவள். அவளிடம் பேரம் பேசியவர்கள் மீனோடு வசவையும் சேர்த்து வாங்கிப் போவார்கள். கஸ்தூரிக்கு இது இரண்டாவது பிள்ளை. மருமகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடவே வந்திருந்தாள்.

"இன்னா சிஸ்டரு இது? மாசமா கீற பொண்ணுங்கள எதிரும் புதிருமா குந்த வெச்சிகீற?"

"ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துப் பேசறதுக்குத்தான் அஞ்சலைக்கா."

"மூஞ்சிய பாக்கக் கூடாதுன்றேன், பாத்து பேசறதாம்! வயித்துல கீற புள்ளைங்க ஒன்னுக்கொன்னு போட்டி போடும். நீ மொதல்லயா, நான் மொதல்லயான்னு. அப்பால நாளு வர்றதுக்குள்ள ரெண்டும் வெளிய வந்து நிக்கும். யாரு பாக்கறது, நீயா?"

"நான்தாங்க்கா பாப்பேன். அதானே என் வேலை."

"அது வேற," என்று சொல்லி மருமகள் கையைப் பிடித்து எழுப்பினாள். கஸ்தூரி எழுந்ததும் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். அவளுக்கு எதிரே இருந்தவள் எழுந்தாள். தெற்கத்திப் பெண்களுக்கு இந்தச் சாஸ்திரம் புதிது. ஆனால் பிள்ளை விஷயத்தில் எதற்கு வம்பு என்று அவர்களும் எழுந்துவிட்டார்கள். சுண்டலை மட்டும் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த வாரம் அஞ்சலையை நிற்க வைத்து, கர்ப்பப்பை எங்கே இருக்கிறது, கண் எங்கே இருக்கிறது என்று படம் போட்டு விளக்குவது என்று இருந்தேன். அப்போதுதான் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ராயபுரத்தில் எனக்கு மேலே இருந்த ஒரு நர்ஸின் ஞாபகம் வந்தது. அந்தம்மா ஒரு வீட்டுக்குள் போவார், பெண்கள் நடுவில் உட்காருவார், எல்லோரும் "நல்லா கீறோம் சிஸ்டர்" என்பார்கள். உடனே, "அய்யோ, பிபி மெஷினை மறந்துட்டேனே" என்று எழுந்து கீழே போய்விடுவார். மெஷின் பைக்குள்தான் இருக்கும். நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினால், உள்ளே ஊர்க்கதை எல்லாம் வெளியே வந்திருக்கும். "நாம உக்காந்திருந்தா பதில் சொல்லுவாங்க. எழுந்து போனாத்தான் பேசுவாங்க" என்பார். அதற்கு மேல் அவர் எனக்கு எதுவும் கற்றுக்கொடுத்த ஞாபகம் இல்லை. அது போதுமானதாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாற்காலிகளை மூலையில் அடுக்கிவிட்டு, கூடத்தில் கிடந்த இரண்டு மர பெஞ்சுகளை இழுத்து முதுகோடு முதுகு ஒட்டிப் போட்டேன். ஒரு வரிசை சுவரைப் பார்க்கும், மறு வரிசை ஜன்னலைப் பார்க்கும். அஞ்சலை வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். குனிந்துகூடப் பார்த்தாள்.

"இது சரி. முதுவுக்குக் கண்ணு கெடையாது," என்றாள். அனுமதி கிடைத்துவிட்டது.

அன்றைக்குக் கஸ்தூரிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தவள்தான் முத்துச்செல்வி. எர்ணாவூரில் மளிகைக் கடை வைத்திருக்கிற ராஜபாண்டி அண்ணாச்சியின் மனைவி. தலைப்பிள்ளை. என்ன கேட்டாலும், "ஒண்ணுமில்ல சிஸ்டர், நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து நான் எதையும் கேட்டதில்லை. அவள் மனசெல்லாம் ஒன்பதாம் மாதத்தில் அம்மா வீட்டுக்குப் போகிற ரயிலில் இருந்தது. டிக்கெட் போட்டாயிற்று. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது என்று வந்த நாளே முடிவு செய்துவிட்டாள் போல.

கஸ்தூரி உட்கார்ந்த மாத்திரத்தில் சாய்ந்தாள். பின்னால் இருந்த முதுகு துள்ளியது.

"யாரும்மா அது, எலும்பும் தோலுமா குத்துது? ஒயுங்கா சாப்புட்றியா இல்லியா?"

"சாப்பிடுதேன்," என்றது ஒரு சின்னக் குரல்.

"தெக்கத்தி பொண்ணா? இன்னிக்கி இன்னா கொயம்பு?"

"கொழம்பு வைக்கல யக்கா. மீன் திங்கணும் போல இருக்கு. வாங்கப் போனா அந்த மீன்காரம்மா ஏசுதாவ. பயந்துட்டுத் திரும்பி வந்துட்டேன்."

கஸ்தூரி சிரித்த சிரிப்பில் இரண்டு பெஞ்சும் ஆடின. "அது என் மாமியாரு!"

கதவோரத்தில் உட்கார்ந்திருந்த அஞ்சலை, "இன்னாடி சிரிப்பு?" என்றாள். நான், "பிபி மெஷினை மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். மறுநாள் முத்துச்செல்வி வீட்டுக்கு ஒரு கிண்ணம் வஞ்சிர மீன் குழம்பு போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் அந்த இரண்டு முதுகுகளும் சாய்ந்தே இருக்கும். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். சுவரைப் பார்த்துக்கொண்டு முத்துச்செல்வி பேசுவாள், பேசுவாள், அப்படிப் பேசுவாள். என் முகத்தைப் பார்த்து 'ஒண்ணுமில்ல' என்றவளுக்கு, பார்க்க முகம் இல்லாதபோது இவ்வளவு பேச்சு வந்தது. அஞ்சலையின் சாஸ்திரத்தை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஆனால் அதற்காகப் போட்ட பெஞ்ச் என் வட்டத்தைவிட நன்றாக வேலை செய்தது. வீம்புக்கு மறுக்க முடியுமா?

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுக்க இரண்டு ஆண்கள் வந்தார்கள். கஸ்தூரியின் புருஷன் மதி, கடலில் மீன் குறைந்துபோய்விட்டது என்று படகை அண்ணனிடம் விட்டுவிட்டு டிரெய்லர் லாரி ஓட்டுகிறவன். துறைமுகத்து வரிசை நீண்டு நீண்டு எங்கள் தெருவுக்குள் வந்துவிடும். ஒரு நாள் அவன் வண்டி சரியாக ராஜபாண்டியின் கடைவாசலை அடைத்துக்கொண்டு நின்றது. உப்பு வாங்க வந்தவர்கூட உள்ளே போக முடியவில்லை. ராஜபாண்டி கத்த, மதி கத்த, சட்டைக் காலர் வரை போய்விட்டது. அதிலிருந்து எந்த வண்டி வந்து நின்றாலும் ராஜபாண்டிக்கு அது மதியின் வண்டிதான். அந்த டிரைவரின் மனைவிதான் தன் மனைவியின் சிநேகிதி என்று தெரிந்ததும் அவர் வீட்டில் சட்டம் போட்டார்: "இனிமே அங்கன போகாத. ஊசி போடணும்னா நானே கூட்டிட்டுப் போறேன்." கடையை விட்டு அவர் எங்கே நகரப்போகிறார்?

எனக்கு இந்தச் சண்டை எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், போன செவ்வாய் முத்துச்செல்விக்கு ரத்த அழுத்தம் லேசாக ஏறியிருந்தது, கால் வீங்கியிருந்தது, அடுத்த வாரம் கட்டாயம் வா என்று சொல்லியிருந்தேன் என்பதுதான். அந்த அடுத்த வாரம் வந்தது. கஸ்தூரி வழக்கம்போல உட்கார்ந்து, வழக்கம்போலச் சாய்ந்து, பின்னால் யாரும் இல்லாமல் மல்லாக்க விழப் பார்த்தாள். நான்தான் பிடித்தேன்.

"எங்கே உன் சிநேகிதி?"

கஸ்தூரி கதவுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "சிஸ்டர், நீ அந்தாண்ட திரும்பிக் குந்து," என்றாள்.

எதற்கு என்று கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அவள் முதுகு என் முதுகில் சாய்ந்தது.

"காத்தால கடையாண்ட போனேன். அவ வூட்டுக்காரரு பாக்கலன்னு பின்னாடி ஜன்னலாண்ட முதுவக் காட்டி நின்னேன். மூஞ்சி உப்பிகினு கீதாம். தல வெடிக்கிதாம். கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியா பறக்குதாம். உன்னாண்ட சொன்னா ரயிலு ஏற உட மாட்டியாம், அவ அம்மாவாண்ட போவ முடியாதாம். யாராண்டயும் சொல்ல மாட்டேன்னு என் வயித்து மேல கைய வெச்சி சத்தியம் பண்ண சொன்னா. பண்ணிட்டேன் சிஸ்டர். இப்ப இன்னா பண்றது? முதுவாண்ட சொன்னா சத்தியம் ஒடையாதுல்ல?"

பிள்ளைகளே, இதற்குப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. "உடையாது," என்றேன். "நான் காதால கேக்கல, முதுகாலதான் கேட்டேன்." சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தத் தலைவலியும் அந்தப் பூச்சியும் சேர்ந்து வந்தால் அடுத்தது வலிப்பு. தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். 'இங்கேயே இரு' என்று நீங்கள் சொல்லியும், கஸ்தூரியைப்போல ஒரு கர்ப்பிணி உங்கள் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை.

தெருவில் லாரிகள் சுவர் எழுப்பினதுபோல நின்றன. கடைவாசலில், வேறு யார், மதியின் டிரெய்லர். கீழே இரண்டு பேரும் மல்லுக்கு நிற்கிறார்கள்.

"வண்டிய எடும்! எடும்ங்கேன்!"

"எங்க எடுக்கறது, என் தலை மேலயா? முன்னாடி பாரு, பின்னாடி பாரு. றெக்கை கட்டி பறக்க சொல்றியா நைனா?"

நான் அவர்களைப் பிளந்துகொண்டு, டிரெய்லருக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உள்ளே போனேன். முத்துச்செல்வி அரிசி மூட்டை மேல் சாய்ந்து கிடந்தாள். முகம் அவள் முகமாகவே இல்லை. "ஒண்ணுமில்ல சிஸ்டர்," என்று ஆரம்பித்தாள். "வாயை மூடு," என்றேன். மெஷின் காட்டிய எண் இருக்கவே கூடாத உயரத்தில் இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். மெயின் ரோடு வரை வருவார்கள், தெருவுக்குள் வர வழியில்லை. இவளை நடக்க வைக்கவும் கூடாது. ஆட்டோ நுழையாது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்பட ஒன்றுமில்லை. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அப்பாக்கள் குழுவைத் திறந்து, குரலிலேயே அலறினேன்: "எர்ணாவூர்ல யாராவது இருக்கீங்களா? மளிகைக் கடை முத்துச்செல்விக்கு உயிர் ஆபத்து. தூக்கிட்டுப் போக வண்டி வேணும். யாராவது வாங்கப்பா!"

வெளியே சண்டை நின்றது. இரண்டு பேருடைய சட்டைப் பையிலும் ஒரே நேரத்தில் மணி அடித்திருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே போனை எடுத்து அழுத்த, இரண்டு போனிலிருந்தும் என் அலறல் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. உள்ளே நான் அழுகிறேன், வெளியே இரண்டு இடத்தில் நானே அழுகிறேன். ராஜபாண்டி எதிரே இருந்தவனின் போன் முதுகில் ஒட்டியிருந்த அதே படகுப் படத்தைப் பார்த்தார். மதி அவர் போன் முதுகில் அதே வேல் படத்தைப் பார்த்தான்.

"பொரி சகோ நீயா?" என்றான் மதி.

ராஜபாண்டிக்கு என் குரல் சொன்ன செய்தி அப்போதுதான் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியே மடங்கி உட்காரப் போனார்.

"குந்தாத சகோ, குந்தாத! எங்கம்மா வண்டி கீது!" என்று கத்திக்கொண்டே மதி தெருமுனைக்கு ஓடினான்.

நீங்கள் புருஷனைத் திட்ட நினைக்கிற நேரம் இதுதான். எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. திட்டவில்லை. திட்டினால் அவர் அங்கேயே நின்று பதில் சொல்வார், நமக்கு அவருடைய வாய் வேண்டாம், கை வேண்டும். "அண்ணாச்சி, காலிச் சாக்கு எல்லாத்தையும் எடுங்க. தலையணை எடுங்க. எழுந்திரிங்க," என்றேன். எழுந்துவிட்டார்.

மீன்பாடி வண்டி வந்தது. ஐஸ் பெட்டியைத் தெருவில் இறக்கிவிட்டு, அஞ்சலை வாளித் தண்ணீரை வீசிப் பலகையைக் கழுவிக்கொண்டே கூட ஓடிவந்தாள். நின்றிருந்த எல்லா டிரைவர்களையும் அவர்கள் வம்சத்தோடு சேர்த்து வாழ்த்திக்கொண்டே வந்தாள். சாக்குகளைப் பரப்பி முத்துச்செல்வியை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தோம். அவள் கஸ்தூரியின் கையைப் பிடித்தாள். விடவில்லை. வேறு வழியில்லாமல் அவளையும் ஏறச் சொன்னேன்.

"ஏய்!" என்று அலறினாள் அஞ்சலை. "மூஞ்சிய அந்தாண்ட திருப்புடி! அவசரம்னா எதிர்ல குந்திடுவியா?"

கஸ்தூரி திரும்பி உட்கார்ந்தாள். கையை மட்டும் பின்னால் நீட்டி, முதுகுக்குப் பின்னால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மதி மிதித்தான். ராஜபாண்டி பின்னாலிருந்து தள்ளினார். நான் ஒரு பக்கம், அஞ்சலை ஒரு பக்கம். டிரெய்லருக்கும் டிரெய்லருக்கும் நடுவே மீன் வாசனையோடு அந்த வண்டி நழுவி நழுவிப் போனது. வரிசையில் நின்ற டிரைவர்கள் கண்ணாடிகளை மடக்கி வழிவிட்டார்கள். பாதி தூரம் போனதும் ராஜபாண்டி, "அய்யோ, கடையப் பூட்டலியே!" என்றார்.

"என் வண்டிதான் குறுக்கால நிக்கிதே சகோ," என்றான் மதி, திரும்பாமல் மிதித்துக்கொண்டே. "எவன் உள்ள நொயைவான்?"

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ராஜபாண்டி அழுதுகொண்டே சிரித்தார். மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது.

ராயபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை கம்மி, குரல் ஜாஸ்தி. இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் இரண்டு பேரையும் பார்த்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். முத்துச்செல்வியின் ரயில் அவள் இல்லாமலே போயிற்று. அவள் அம்மா அங்கேயிருந்து அடித்துப் பிடித்து பஸ் ஏறி வந்து சேர்ந்தார். ராஜபாண்டி மதியின் வீட்டுக்கு ஒரு மூட்டை பொரி அனுப்பினார். யாருக்கு அவ்வளவு பொரி வேண்டும்? குப்பமே பொரி தின்றது.

கஸ்தூரிக்கும் குறித்த நாளில் ஆண் குழந்தை பிறந்தது. ஆனால் அவளுக்கு ஒரு குறை அரித்துக்கொண்டே இருந்தது. "சத்தியத்த மீறிட்டேன் சிஸ்டர். அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். இனிமே என்னாண்ட பேச மாட்டா," என்று என்னிடம் புலம்புவாள். உயிரைக் காப்பாற்றினாயே என்று நான் சொன்னால், "அது வேற," என்பாள். மாமியார் வாய் அப்படியே வந்திருந்தது.

தடுப்பூசி போடுகிற செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் பிள்ளைகளோடு வந்தார்கள். பெஞ்சுகள் பழையபடி முதுகோடு முதுகாகத்தான் கிடந்தன. அஞ்சலைதான் முன்னால் வந்து ஒரு பெஞ்சைத் திருப்பிப் போட்டாள். "இப்பதான் புள்ளைங்க பொறந்துட்ச்சே. இனிமே எதிர்ல குந்துங்கடி, தோஷம் கெடையாது," என்றாள்.

உட்கார்ந்தார்கள். முதல் முறையாக முகத்துக்கு முகம். முத்துச்செல்வி பிள்ளையின் குல்லாவைச் சரிசெய்தாள். பிறகு மறுபடியும் சரிசெய்தாள். கஸ்தூரி மின்விசிறியைப் பார்த்தாள். பெஞ்ச் ஆட ஆடச் சிரித்த இரண்டு பேருக்கும், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்ததுபோல ஒரு வார்த்தை வரவில்லை. கஸ்தூரி பயந்தது சரிதானோ என்று நினைத்தேன்.

முத்துச்செல்வி மெதுவாக, "யக்கா, செத்த திரும்பி உக்காருதியளா?" என்றாள்.

கஸ்தூரி பிள்ளையோடு திரும்பி உட்கார்ந்தாள். முத்துச்செல்வி எழுந்து வந்து, அதே பெஞ்சில் அவளுக்குப் பின்புறமாக உட்கார்ந்து, நிதானமாகச் சாய்ந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சொல்லாதியன்னு சத்தியம் வாங்கினேன்லா யக்கா. நீங்க சொல்லிட்டிய." பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "நல்லவேள சொன்னிய."

கஸ்தூரியின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதுகை வைத்து எப்படிச் சொல்வது? அஞ்சலை எட்டிப் பார்க்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"வாங்கக்கா, பிபி மெஷினை மறந்துட்டேன். போய் எடுத்துக்கினு வரலாம்."

"தோ, உன் தோள்லயே தொங்குதே!" என்றாள் அஞ்சலை.

"தெரியும். பேசாம வாங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.